சிவப்பு எச்சரிக்கை வந்தாலே தெரு முழுவதும் பதற்றம்: பெரியவர்களை எப்படி அமைதிப்படுத்துவது?

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் கண்ட தெரு எங்களுடையது. கனமழை எச்சரிக்கை வந்ததும், ஒரு துளி விழுவதற்கு முன்பே கார்கள் மேம்பாலத்தில் வரிசைகட்டி நிற்கின்றன. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஏரி நீர்மட்டப் படங்கள் நள்ளிரவிலும் வந்துகொண்டிருக்கின்றன. என் மாமியாருக்கு அன்றிரவு உறக்கமே இல்லை. கை வியர்க்க, நெஞ்சு படபடக்க, கீழ்ப்படியில் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்த்தபடியே அமர்ந்திருக்கிறார். பயப்பட வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் பயனில்லை. என்ன செய்யலாம்?

மனநல ஆலோசகர்:
அம்மா, உங்கள் மாமியாரின் உடல் ஆபத்துக்கு ஆயத்தமாகி நிற்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் விரைந்து துடிக்கும்போது அறிவுரை காதில் ஏறாது. எனவே மூச்சிலிருந்து தொடங்குங்கள். அருகில் அமர்ந்து, நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல வெளிவிடச் சொல்லி, நீங்களும் கூடவே செய்யுங்கள். மூச்சை வெளிவிடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது என்பதால், வெளிமூச்சு நீளமாக இருப்பதே முக்கியம். மூச்சை அடக்க வேண்டியதில்லை. தலை சுற்றினால் நிறுத்திவிடலாம். ஐந்து நிமிடம் போதும். ஆனால் நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இருந்தால், அதைப் பயம் என்று கருதிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

முன்னாள் செய்தியாளர்:
மேற்சொன்னதோடு கைப்பேசியையும் கவனியுங்கள். 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், அடுத்த வாரம் முழுவதும் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அச்செய்திகளில் மூழ்கியிருந்தவர்கள், சம்பவ இடத்தில் இருந்தவர்களைவிடக் கூடுதலான மன அழுத்தத்தைத் தெரிவித்தனர். உங்கள் குடியிருப்பில் ஒருவர் மட்டும் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையைக் காலையிலும் மாலையிலும் படித்துக் குழுவில் பதிவிடட்டும். ஏரியைத் திறந்துவிட்டார்கள் என்று யாரோ அனுப்பிய பழைய காணொளியைப் பகிர்வதை எல்லோரும் நிறுத்தினாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

முடிச்சூர் அக்கா:
உங்கள் மாமியாருக்கு ஒரு வேலை கொடுங்கள் என்பேன். எங்கள் தெருவில் மழைக்கு முன்பே மாத்திரைகள், குடும்ப அட்டை, பட்டா நகல் ஆகியவற்றை நெகிழிப் பையில் போட்டுக் கட்டும் பொறுப்பு வயதானவர்களுடையது. கட்டிய பையைக் கையில் வைத்திருப்பவருக்கு அச்சம் இருந்தாலும் செயலற்றுப்போன உணர்வு இருப்பதில்லை. இரவில் மாடி வீட்டாரோடு சேர்ந்து இருக்கச் செய்யுங்கள். பழைய வெள்ளத்தைப் பற்றி அவராகப் பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள், பேசும்படி வற்புறுத்த மட்டும் வேண்டாம்.

மனநல ஆலோசகர்:
அக்கா சொன்னது முற்றிலும் சரி. மழைக்காலம் முடிந்து சில வாரங்களாகியும் உறக்கம் திரும்பாவிட்டால், டெலிமானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையின் 14416 என்ற கட்டணமில்லா எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.