லினக்ஸில் பாமினி: ‘மனுதாரர்’ ஏன் ‘முனுதாரர்’ ஆகிறார்?

டைப்பிங்கடை: வணக்கம். தாலுகா ஆபீஸ் எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் 6-ஆம் தலைமுறை ஐ3. விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றது. 11-ஐ இந்த மெஷின் ஏற்காது. தம்பி மகன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். வேகத்தில் குறையே இல்லை. பாமினி எழுத்துருவும் ஏற்றியாயிற்று. ஆனால் லிப்ரே ஆபீஸில் (வேர்டு மாதிரி இலவச மென்பொருள்) வாக்கியத்தை ‘மனுதாரர்’ என்று தொடங்கி ஸ்பேஸ் தட்டினால் ‘முனுதாரர்’ ஆகிறது. ‘தங்கள்’ என்றால் ‘துங்கள்’. வரியின் நடுவில் சரியாக வருகிறது. நேற்று ஒரு பட்டா மனு அப்படியே பிரிண்ட் ஆகிப் போய்விட்டது. எழுத்துரு கெட்டுவிட்டதா?

ராக்கோழி: எழுத்துரு நன்றாகத்தான் இருக்கிறது. பாமினியில் அடிப்பதைக் கணினி ஆங்கிலமாகத்தான் பார்க்கும். ‘ம’ சின்ன கே, ‘மு’ பெரிய கே; ‘த’ சின்ன ஜே, ‘து’ பெரிய ஜே. வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் ஆட்டோகரெக்ட் உபகாரம் செய்வதாக நினைத்து மனுதாரரைக் கெடுக்கிறது. டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸைத் திறந்து அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். தொடர்ந்து இரண்டு பெரிய எழுத்து வந்தால் திருத்தும் வரி ஒன்றும் அங்கேயே இருக்கும், அதையும்.

டைப்பிங்கடை: சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி! விண்டோஸில் இத்தனை வருஷம் இந்தத் தொல்லை இல்லையே?

ராக்கோழி: வேர்டிலும் அதே ஆட்டோகரெக்ட் உண்டு. கடை போட்ட அன்றைக்கே யாரோ எடுத்துவிட்டிருப்பார்கள்.

டைப்பிங்கடை: சிஸ்டம் போட்டுத் தந்த அண்ணன்தான். இப்போது லினக்ஸ் என்றாலே கையெடுத்துக் கும்பிடுகிறார்.

பழையமடிக்கணினி: விஷயமே அங்கேதான் இருக்கிறது. அரசு கொடுத்த இலவச மடிக்கணினியில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. என் தங்கை ஒருநாளும் அதற்குள் போனதில்லை. பாட்டு ஏற்றித் தரும் கடைக்காரருக்குத் தெரிந்தது விண்டோஸ், அவ்வளவுதான். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க கேம் கருவியிலும் ஓடுவது லினக்ஸ்தான். வாங்குகிறவர் அதைத் தெரிந்துகொள்ளவே வேண்டாம், எல்லாம் சரிசெய்து பெட்டியில் வருகிறது. மேசைக் கணினிக்குத் தெருவுக்கு ஒரு அண்ணன் வேண்டும். சேவையாக இல்லை, காசு வாங்கிக்கொண்டு.

ராக்கோழி: காசு யார் கொடுப்பார்கள்? ‘இலவச மென்பொருள்தானே, அதற்கு எதற்கு 500 ரூபாய்’ என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

டைப்பிங்கடை: நான் கொடுப்பேன்! அப்புறம் இன்னொன்று. வாடிக்கையாளர்கள் லதா எழுத்துருவில் அனுப்பும் ஒரு பக்க மனு இங்கே இரண்டு பக்கமாகிறது. கையெழுத்து இடம் மட்டும் தனியாக அடுத்த தாளில் நிற்கிறது.

ராக்கோழி: லதா விண்டோஸோடு வருவது. உங்கள் மெஷினில் இல்லாததால் வேறு தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொள்கிறது. அதன் அகலம் வேறு. பிடிஎஃப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

டைப்பிங்கடை: பிடிஎஃப்பில் பெயரை எப்படி மாற்றுவது? அதை மாற்றத்தானே என் கடைக்கே வருகிறார்கள்.