தைமஸ் சுரப்பியை ரோபோ உதவியுடன் அகற்றிக்கொண்டவர்களின் அனுபவம் தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோயால் இமைகள் தாழ்ந்து, உணவை விழுங்கவும் சிரமப்படும் என் அக்காவுக்கு, மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள, நோயெதிர்ப்புடன் தொடர்புடைய தைமஸ் சுரப்பியை ரோபோ உதவியுடன் அகற்றலாம் என்று மருத்துவர் கூறியுள்ளார். மார்பெலும்பைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகள் வழியாகக் கருவிகளைச் செலுத்துவதால் வலியும், மருத்துவமனையில் தங்கும் நாள்களும் குறையும் என்கிறார்கள். (கருவிகளை இயக்குபவர் அறுவை மருத்துவரே, ரோபோ தானாக எதையும் வெட்டாது என்று அம்மாவுக்குப் புரியவைக்கவே இரண்டு நாள் ஆயிற்று.) ஆனால், சுரப்பியை நீக்குவது பயன் தரும் என்று 2016இல் காட்டிய பன்னாட்டு ஆய்வு, மார்பெலும்பைத் திறந்து செய்த அறுவை சிகிச்சையையே ஆராய்ந்தது என்பதால் எனக்குத் தயக்கம் உள்ளது.

சுரப்பியைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவும் முழுமையாக அகற்றப்பட்டதா, தசைச்சோர்வைத் தணிக்கும் பைரிடோஸ்டிக்மின் மாத்திரையின் அளவு எத்தனை மாதங்களில் குறைந்தது, காப்பீட்டு நிறுவனம் செலவை ஏற்றதா என்பவற்றை, இச்சிகிச்சை பெற்றவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.