விடியுமுன் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ போக என்ன வழி?

நானும் கணவரும் சென்னையிலிருந்து மலேசியா சுற்றிப்பார்க்க வந்தோம். இப்போது சுங்கை சிப்புட்டில், எஸ்டேட்டை ஒட்டிய சித்தி வீட்டில் இருக்கிறோம். சனிக்கிழமை காலை கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகன் கோயிலில் உறவுக்காரக் குழந்தைக்கு மொட்டை.

நீண்ட விடுமுறை என்பதால் இங்கிருந்து கோலாலம்பூருக்கு ரயில் டிக்கெட் தீர்ந்துவிட்டது. ஈப்போவில் ஏறும் விடிகாலை ரயிலில்தான் இடம் கிடைத்தது. அந்த நேரத்துக்கு ஈப்போ போவதுதான் சிக்கல். செயலியில் தேடினால் ஓட்டுநர் யாரும் வருவதில்லை. பஸ் விடிந்த பிறகுதான். சித்தப்பாவுக்குக் கண் அறுவை முடிந்து, இருட்டில் கார் ஓட்டக்கூடாது. சாப்பாட்டுக் கடை அக்காவிடமும் கேட்டோம். தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் ஒரே மூச்சில் நாலு பேரை விசாரித்தார் (நாங்கள் வாய்பிளந்து நின்றோம்!), ஆனால் வண்டி அமையவில்லை.

இரண்டு பேர், இரண்டு பெரிய பெட்டி. அதிகாலை 4 மணிக்கு வரக்கூடிய, நம்பிக்கையான டாக்சிக்காரர் யாராவது இந்தப் பக்கம் இருக்கிறாரா?