ஒண்ணு குறையுது: நுணுக்கமான வேலை, கூட்டு வேலை, உங்கள் அனுபவம்

தியேட்டர் சிஸ்டர்:
பதினோரு வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. இரவு இரண்டரை மணி, ஆபரேஷன் தியேட்டரில் குடல் ஓட்டை கேஸ். வயிற்றை மூடுவதற்கு முன் கவுண்ட், அதாவது உள்ளே வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணுவது. போர்டில் இருந்தது 10 மாப் (ரத்தத்தை ஒற்றி எடுக்கும் துணி). சர்க்குலேட்டிங் சிஸ்டரும் (வெளியே நின்று பொருள் எடுத்துக் கொடுத்து, போர்டில் எழுதுபவர்) நானும் சத்தமாக எண்ணினோம், 9. மறுபடியும் 9. சர்ஜன் சார் தையலுக்குக் கை நீட்டிவிட்டார். “போர்டுல தப்பா எழுதியிருப்பீங்க” என்றார். எனக்கு அப்போது சர்வீஸ் எட்டே மாதம். “ஒண்ணு குறையுது சார்” என்பதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை. பக்கெட்டைக் கொட்டிப் பார்த்தார்கள், இல்லை. மயக்க மருந்து மேடம் “பேஷண்ட் ஸ்டேபிள், தேடுங்க” என்ற பிறகுதான் சார் மறுபடி வயிற்றுக்குள் கையை விட்டார். இடது ஓரத்தில், குடலுக்குப் பின்னால் இருந்தது. ரத்தத்தில் ஊறிய மாப் சதை மாதிரியே இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

திருப்பூர் செக்கிங்:
சிஸ்டருக்கு மாப், எங்களுக்கு ஊசி. குழந்தை உடுப்பு ஆர்டர், பவர் டேபிளில் (மோட்டார் தையல் மெஷின்) ஓர் அக்காவுக்கு ஊசி உடைந்தது. எல்லாத் துண்டும் கிடைத்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி. நுனியைக் காணோம். வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது: 1,201 முதல் 3,200 பீஸ் வரை உள்ள லாட்டில், ஏ.க்யூ.எல். (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5 என்றால் 125 பீஸ் பார்ப்போம், 7 குறை வரை பாஸ், 8 என்றால் ஃபெயில். ஊசிக்கு அந்தக் கணக்கே கிடையாது. லைன் நின்றது. பீஸ் ரேட் ஆட்களுக்கு நின்றால் கூலி போச்சு. ஆனாலும் டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), செக்கிங் எல்லோரும் காந்தத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். கடைசியில் அந்த அக்காவின் சேலை மடிப்பில் இருந்தது. அவர் அழுததுதான் எனக்கு மறக்கவில்லை.

கணக்குக்காரன்:
சிஸ்டர், தப்பாக நினைக்காதீர்கள், அங்கே டீம் எங்கே இருந்தது? நீங்கள் ஒருவர்தானே நின்றீர்கள்? பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் அடங்கும் இடத்தை நான் டீம் என்று சொல்ல மாட்டேன். ஆர்டிகிள்ஷிப்பில் (ஆடிட்டரிடம் பயிற்சிக் காலம்) என் டிரையல் பேலன்ஸ் 2,700 ரூபாய் இடித்தது, அதாவது பற்றும் வரவும் ஒத்துப் போகவில்லை. மூன்று நாள் வெளியே சொல்லாமல் தேடினேன். சீனியரிடம் போனதும், “9-ஆல வகுபடுது, இலக்கம் இடம் மாறியிருக்கும்” என்றார். 3,600-ஐ 6,300 என்று போட்டிருந்தேன்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் என்றால் பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். காமர்ஸ் என்றால் ஆடிட் பக்கம் வரலாம். துணிக் கடையிலும் வங்கியிலும்கூட கூர்மையான கண்ணுக்கு வேலை உண்டு. ஆனால் படிப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சேரும் இடத்தில், “தப்பைக் கண்டுபிடித்தால் யாரிடம் சொல்ல வேண்டும், இரண்டாவதாகச் சரிபார்ப்பது யார்” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் சம்பளம் கூட என்றாலும் யோசியுங்கள். முதல் ஆறு மாதம் ஒரு நோட்டு வைத்து உங்கள் தப்புகளை எழுதி வாருங்கள். எந்த நேரத்தில், எந்த மாதிரி தப்பு வருகிறது என்பது பிடிபடும். எனக்கு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எண்கள் இடம் மாறும்.

தியேட்டர் சிஸ்டர்:
அண்ணா, நீங்கள் சொல்வதில் பாதி சரி. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. டெல்லி உட்பட 8 நகரங்களில் அதைச் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பெயர் சொல்லிப் பேசியவரிடம் பிறகு “குறையுது” என்று சொல்ல வாய் வருகிறது.

ஆனால் நான் தனியாக நிற்கவில்லை. போர்டில் 10 என்று எழுதியது சர்க்குலேட்டிங் சிஸ்டர். சார் போர்டைக் குறை சொன்னபோது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். “நான் எழுதினது சரி சார்” என்று அவரும் சொன்னார். இங்கே என் முதல் பதிவில் அதை எழுதாமல் விட்டுவிட்டேன்.