ஃபால்கன் படங்கள்: எதில் ஆரம்பிப்பது? நடுவில் ஹீரோ மாறியது எப்படி?

முதல்வரிசை_டிக்கெட்:

போன வாரம் 'மர்டர், மை ஸ்வீட்' (1944) பார்த்தேன். டிக் பவல் துப்பறிவாளர் பிலிப் மார்லோவாக வருவாரே, அதுதான். ரொம்பப் பிடித்துப்போனது. அதை எடுத்த ஆர்.கே.ஓ. ஸ்டுடியோ வேறு என்னென்ன துப்பறியும் படங்கள் எடுத்திருக்கிறது என்று தேடியதில் 'தி ஃபால்கன் டேக்ஸ் ஓவர்' (1942) கண்ணில் பட்டது. மொத்தமே ஒரு மணி நேரம் மூன்று நிமிஷம், சாப்பிட்டுக்கொண்டே பார்த்து முடித்துவிடலாம் என்று போட்டேன்.

பத்து நிமிஷத்தில் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். மலை மாதிரி ஒரு ஆள், பெயர் மூஸ் மல்லாய், ஜெயிலிலிருந்து வந்தவன், வெல்மா எங்கே வெல்மா எங்கே என்று ஒரு கிளப்புக்குள் நுழைகிறான். அட, போன வாரம் பார்த்த அதே கதை! ஆனால் மார்லோ இல்லை. அவருக்குப் பதில், ஃபால்கன் என்ற பட்டப்பெயருள்ள துப்பறிவாளராக, கோட்டு சூட்டுப் போட்ட, பெண்களைக் கண்டால் குழைகிற, பாதித் தூக்கத்தில் பேசுவது போலப் பேசுகிற ஜார்ஜ் சாண்டர்ஸ். கூடவே கோல்டி என்று ஒரு காமெடி எடுபிடி. ஊரும் லாஸ் ஏஞ்சல்ஸ் இல்லை, நியூயார்க்.

சரி, இன்னொன்று பார்ப்போமே என்று அடுத்த வருஷத்துப் படம் ஒன்றைப் போட்டால் ஹீரோ வேறு ஆள். முகச்சாயல் அதே, குரலும் கிட்டத்தட்ட அதே, ஆனால் சாண்டர்ஸ் இல்லை. டைட்டிலில் டாம் கான்வே என்று போடுகிறார்கள். எனக்குத்தான் கண் சரியில்லையோ என்று கொஞ்ச நேரம் குழம்பிப்போனேன்.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். ஒரே ஸ்டுடியோ ஒரே கதையை இரண்டே வருஷத்தில் இரண்டு தடவை எடுத்தது எப்படி? இந்த இரண்டு பேர் யார்? மொத்தம் 13 படம் இருக்கிறதாம், எல்லாவற்றையும் பார்க்க எனக்குப் பொறுமை கிடையாது, எதைப் பார்க்கலாம் எதை விடலாம்?

கருப்புவெள்ளைக்காரன்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன், மற்றதற்கு இங்கே பெரிய தலைகள் இருக்கிறார்கள்.

நீங்கள் பார்த்த இரண்டு படத்துக்கும் மூலம் ஒன்றுதான், மார்லோவை வைத்து ரேமண்ட் சாண்ட்லர் எழுதிய 'ஃபேர்வெல், மை லவ்லி' நாவல், 1940-இல் வந்தது. அதன் பட உரிமையை ஆர்.கே.ஓ. 2,000 டாலருக்கு வாங்கியது. அன்றைக்கு ஹாலிவுட்டில் சாண்ட்லருக்குப் பெரிய மதிப்பு இல்லை, மார்லோவையும் யாருக்கும் தெரியாது. ஆனால் ஃபால்கன் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, வருஷத்துக்கு இரண்டு மூன்று படம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வேண்டும். வாங்கிய நாவலில் மார்லோவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஃபால்கனை உட்கார வைத்துவிட்டார்கள். கதை என்பது அவர்களுக்குக் கடையில் எடுக்கிற ரெடிமேட் சட்டை மாதிரி, யாருக்கு வேண்டுமானாலும் மாட்டலாம்.

1944-இல் நிலைமை மாறிவிட்டது. சாண்ட்லர், இயக்குநர் பில்லி வைல்டரோடு சேர்ந்து 'டபுள் இன்டெம்னிட்டி' படத்துக்குத் திரைக்கதை எழுதினார், புகழ் எங்கேயோ உயர்ந்துவிட்டது. ஆர்.கே.ஓ. அலமாரியைத் திறந்து பார்த்தால், அவருடைய நாவல் ஒன்று ஏற்கெனவே தங்கள் கையில் இருக்கிறது. மறுபடி எடுத்தார்கள், இந்தத் தடவை ஒழுங்காக. இயக்கியவர் எட்வர்ட் டிமிட்ரிக். அதே டிமிட்ரிக் அதற்கு முந்தைய வருஷம் 'தி ஃபால்கன் ஸ்ட்ரைக்ஸ் பேக்' எடுத்தவர். நீங்கள் இரண்டாவதாகப் பார்த்தது அதுவாக இருந்தால், போன வாரம் பிடித்துப்போன படத்தின் இயக்குநரிடமே சுற்றிவந்து சேர்ந்திருக்கிறீர்கள்.

இது ஆர்.கே.ஓ. மட்டும் செய்த வேலை இல்லை. சாண்ட்லரின் 'தி ஹை விண்டோ'வை ஃபாக்ஸ் ஸ்டுடியோ வாங்கி, 1942-இல் தங்களுடைய மைக்கேல் ஷேன் துப்பறியும் வரிசையில் 'டைம் டு கில்' என்று லாயிட் நோலனை வைத்து எடுத்துத் தள்ளியது. அப்புறம் 1947-இல் மார்லோவை வைத்து மறுபடி ஒன்று. ஆக, திரையில் மார்லோ என்று ஒருவர் வருவதற்கு முன்பே அவருடைய இரண்டு கேஸ்களை வேறு இரண்டு பேர் முடித்துவிட்டார்கள்.

சிங்கை_மாலைக்காட்சி:

அண்ணன் தம்பிக் கதைக்கு வருகிறேன், அதற்கு முன்னால் ஒரு திருட்டுக் கதை.

ஆர்.கே.ஓ.விடம் முதலில் இருந்தது ஃபால்கன் இல்லை, 'தி செயின்ட்' என்ற இன்னொரு ஹீரோவின் கதை. அதை எழுதிய லெஸ்லி சார்ட்டரிஸ் எங்கள் ஊரில் பிறந்தவர், 1907-இல், சிங்கப்பூரில். அப்பா சீன டாக்டர், அம்மா ஆங்கிலேயர். (இங்கே நிறையப் பேருக்கே இது தெரியாது, வாய்ப்புக் கிடைக்கும் இடத்தில் எல்லாம் சொல்லிவிடுவேன், மன்னிக்கவும்.) 1939 முதல் 1941 வரை ஐந்து படங்களில் சாண்டர்ஸ்தான் செயின்ட். சார்ட்டரிஸுக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஸ்டுடியோவுக்கோ அவருக்குப் பணம் கொடுப்பது பிடிக்கவில்லை. மைக்கேல் ஆர்லன் எழுதிய ஒரு சிறுகதையை வாங்கினார்கள். அதில் ஹீரோவின் பெயரே ஃபால்கன்தான், படத்தில் அதைப் பட்டப்பெயராக மாற்றி, ஏன் அந்தப் பட்டப்பெயர் என்று விளக்கக்கூட மெனக்கெடவில்லை.

1941-இல் 'தி கே ஃபால்கன்' வந்தது. ஹீரோ அதே சாண்டர்ஸ். ஹீரோயின் வெண்டி பாரி, அவரும் மூன்று செயின்ட் படங்களில் நடித்தவர். அதே ஸ்டுடியோ, அதே மேல்நாட்டு மிடுக்கு. போர்டை மட்டும் மாற்றிவிட்டுக் கடையை நடத்துகிற மாதிரி. சார்ட்டரிஸ் சும்மா இருப்பாரா, வழக்குப் போட்டார். அதோடு விடாமல் 1943-இல் வந்த தன்னுடைய செயின்ட் நாவலுக்குள்ளேயே ஃபால்கனை மலிவுக் கடைச் சரக்கு என்கிற தோரணையில் ஒரு குத்துக் குத்தினார்.

இப்போது சகோதரர்கள். சாண்டர்ஸும் கான்வேயும் கூடப்பிறந்த அண்ணன் தம்பிகள். கான்வே மூத்தவர், 1904. சாண்டர்ஸ் 1906. இருவரும் பிறந்தது ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், புரட்சி சமயத்தில் குடும்பம் இங்கிலாந்துக்கு வந்துவிட்டது. நடிக்க வந்தபோது சாண்டர்ஸ் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டார், கான்வே மாற்றிக்கொண்டார். அதனால்தான் டைட்டிலைப் பார்த்தால் தெரியாது, முகத்தைப் பார்த்தால் தெரியும். உங்கள் கண்ணில் கோளாறு இல்லை.

மூன்று ஃபால்கன் முடித்ததும் சாண்டர்ஸுக்கு அலுத்துவிட்டது. ஸ்டுடியோ என்ன செய்தது தெரியுமா? 'தி ஃபால்கன்ஸ் பிரதர்' (1942) என்று நாலாவது படம் எடுத்து, ஃபால்கனின் தம்பியாக நிஜ அண்ணனையே கூட்டிவந்தது. சாண்டர்ஸ் கார் மோதி விழுந்து படத்தின் பெரும்பகுதியைப் படுக்கையிலேயே ஓட்டிவிடுகிறார், துப்பறிகிற வேலை எல்லாம் கான்வேக்கு. ஃபேஷன் பத்திரிகையின் அட்டைப்படத்தில் நாஜி உளவாளிகள் சங்கேதம் வைக்கிற கதை. கடைசியில் சாண்டர்ஸ் எழுந்துவந்து, ஒரு லத்தீன் அமெரிக்கத் தூதரைக் காப்பாற்றப் போய், குண்டு வாங்கிச் சாகிறார். கான்வே தொடர்கிறார். ஒரு தொடரின் ஹீரோவை அந்தத் தொடரிலேயே கொன்று, வேலையை உடன்பிறப்புக்கு எழுதிக்கொடுப்பது, அதுவும் நிஜ உடன்பிறப்புக்கு! வேறு எங்கே நடந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அப்புறம் கான்வே தனியாக ஒன்பது படம். சாண்டர்ஸ் 1950-இல் 'ஆல் அபவுட் ஈவ்' நடித்து ஆஸ்கர் வாங்கினார். 1967-இல் வந்த டிஸ்னியின் 'ஜங்கிள் புக்'கில் ஷேர் கான் பேசுமே, அந்தச் சோம்பல் குரல் இவருடையதுதான். அதே 1967-இல்தான் கான்வே இறந்தார், கையில் ஒன்றும் இல்லாமல்.

ரீல்_நம்பர்_7:

எதைப் பார்க்கலாம் என்பதற்கு நான்.

சாண்டர்ஸ் படங்களைப் பற்றி நான் சொல்லப்போவது இங்கே பலருக்குப் பிடிக்காது. அவர் நடிக்கவே இல்லை. சம்பளத்துக்கு வந்து நிற்கிறார், அது திரையில் தெரிகிறது. 'டேக்ஸ் ஓவர்' நன்றாக இருக்கிறதென்றால் அது கதையாலும் மூஸ் மல்லாயாக வருகிற வார்ட் பாண்டாலும்தான். ஆரம்பத்தில் கோல்டியைப் பிடித்து வண்டி ஓட்டவைப்பானே, காரின் பின் சீட்டில் அந்த உடம்பு உட்கார்ந்திருக்கிற விதமே போதும். பாண்ட் வருகிற இடங்களில் படம் திடீரென்று வேறு படமாகிவிடுகிறது, அவர் போனதும் மறுபடி காமெடி.

என் கணக்கில் தொடரின் உச்சம் 'தி ஃபால்கன் அண்ட் தி கோ-எட்ஸ்' (1943). கடலோரப் பாறைமேல் ஒரு பெண்கள் கல்லூரி, சாவை முன்கூட்டியே சொல்லிவிடுகிற ஒரு மாணவி, காற்று, நிழல், நடுநடுவே மூன்று குட்டிப் பெண்களின் சேட்டை. திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் ஆர்டெல் ரே. அதே வருஷம், அதே ஸ்டுடியோவில், வால் லூட்டன் தயாரித்த 'ஐ வாக்ட் வித் எ ஸோம்பி'யிலும் அவர் எழுதியிருக்கிறார். அதிலும் கான்வேதான் நடிகர். லூட்டனின் 'கேட் பீப்பிள்', 'தி செவன்த் விக்டிம்' இரண்டிலும் கான்வே உண்டு. ஸ்டுடியோவில் மாதச் சம்பளத்தில் இருந்த அதே ஆட்கள் காலையில் பேய்ப் படம், மதியம் ஃபால்கன் என்று சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்றின் வாசனை மற்றதில் ஒட்டத்தானே செய்யும்.

அடுத்தது 'தி ஃபால்கன் இன் ஹாலிவுட்' (1944). காசே செலவழிக்காமல் எடுப்பது எப்படி என்பதற்கு இதைவிட உதாரணம் கிடையாது. கொலை நடப்பது ஒரு சினிமா ஸ்டுடியோவில். செட் போடவே வேண்டாம், ஆர்.கே.ஓ.வின் சொந்த வளாகமே செட்! வெளிக்கதவு, காலி மேடைகள், துணிமணிக் கிடங்கு எல்லாம் அப்படியே. பெண் டாக்ஸி டிரைவராக வீடா ஆன் போர்க் ஒரு கலக்குக் கலக்குவார்.

'தி ஃபால்கன் இன் சான் ஃபிரான்சிஸ்கோ' (1945), பிற்பாடு 'கன் கிரேஸி' எடுத்த ஜோசப் எச். லூயிஸுக்காகப் பாருங்கள். 'தி ஃபால்கன்ஸ் அலிபை' (1946), ரேடியோ அறிவிப்பாளராக வருகிற எலிஷா குக் ஜூனியருக்காக. இதில் ஜேன் கிரியரும் இருக்கிறார், அடுத்த வருஷமே 'அவுட் ஆஃப் தி பாஸ்ட்'டில் பெரிய ஆளாகிவிட்டார். 13-ஆவது, 'தி ஃபால்கன்ஸ் அட்வென்சர்', விட்டுவிடலாம். செயற்கை வைரம் செய்கிற ரகசியத்தைத் திருடுகிற கதை. இரண்டாவது படமும் செயற்கை வைரம்தான். ஐந்து வருஷத்தில் யாரும் மறந்திருப்பார்கள் என்று நம்பியிருக்கிறார்கள்.

1948, 49-இல் ஜான் கால்வர்ட் என்ற மேஜிக்காரரை வைத்து வேறு கம்பெனி மூன்று எடுத்தது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இடைவேளைக்குப்பின்:

சாண்டர்ஸ் நடிக்கவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த அலுப்புதான் ஃபால்கன். ஊரே ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த ஆள் மட்டும் அவசரப்படாமல் கொட்டாவி விடுவது போல நிற்கிறாரே, அதனால்தான் கோல்டியும் இன்ஸ்பெக்டரும் குதிப்பது சிரிப்பாக இருக்கிறது. கான்வே உண்மையாகவே உழைக்கிறார், அக்கறையாகத் துப்பறிகிறார், நல்ல மனுஷன், ஆனால் அவர் இருக்கும்போது கோல்டி வெறும் தொல்லையாகத் தெரிகிறான். ஆளை மாற்றிக்கொண்டே இருந்ததும் ஒரு காரணம். முதல் மூன்றில் ஆலன் ஜென்கின்ஸ், அப்புறம் கிளிஃப் எட்வர்ட்ஸ் (டிஸ்னியின் 'பினோக்கியோ'வில் சிள்வண்டுக்குக் குரல் கொடுத்தவர்), பிறகு எட்வர்ட் பிராஃபி, வின்ஸ் பார்னெட். ஹீரோ மாறினால் கதை சொல்லிச் சமாளித்தார்கள், கோல்டி மாறினால் ஒரு வார்த்தை கிடையாது.

காசு விஷயத்திலும் ஒன்று சேர்க்க வேண்டும். இவை எல்லாம் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டிய காலத்தில், பெரிய படத்தோடு இலவச இணைப்பாகப் போனவை. பெரிய படத்துக்கு வசூலில் பங்கு. இந்த மாதிரிச் சின்னப் படத்துக்கு வாடகை இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயம். படம் பிரமாதமாக இருந்தாலும் ஒரு டாலர் கூடுதலாக வராது, சுமாராக இருந்தாலும் குறையாது. அப்படியானால் தயாரிப்பாளர் கவலைப்பட வேண்டியது செலவு மட்டும்தான். செலவு எல்லை தாண்டாதவரை உள்ளே என்ன செய்கிறார்கள் என்று மேலிடம் எட்டிப் பார்க்காது. டிமிட்ரிக், லூயிஸ் மாதிரி ஆட்களுக்கு அது நல்லதாகப் போயிற்று.

முதல்வரிசை_டிக்கெட்:

அனைவருக்கும் நன்றி. நான் இரண்டாவதாகப் பார்த்தது 'ஸ்ட்ரைக்ஸ் பேக்'தான், பொம்மலாட்டக்காரர் வருகிற படம். டிமிட்ரிக் பெயர் டைட்டிலில் வந்திருக்கும், நான் அந்த நேரம் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன்.

நேற்று ராத்திரி 'பிரதர்' பார்த்தேன். கான்வே முதல் தடவை திரும்பிப் பார்க்கிற இடத்தில் படத்தை நிறுத்தி, சாண்டர்ஸ் முகத்தோடு வைத்துப் பார்த்தேன். மூக்கு ஒன்று, கண் வேறு. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வேறு படம் ஏதாவது உண்டா?

சிங்கை_மாலைக்காட்சி:

'டெத் ஆஃப் எ ஸ்கவுண்ட்ரல்' (1956). அதிலும் சகோதரர்கள்தான். ஆனால் ஃபால்கனில் தம்பிக்காக வழிவிட்ட சாண்டர்ஸ் அதில் செய்கிற காரியம் வேறு. கதையைச் சொல்லமாட்டேன், ஆனால் 'கோ-எட்ஸ்' முடித்துவிட்டு அதற்குப் போங்கள்.