கையைக் கீறிக்கொள்ளும் பிள்ளையிடம் சத்தியம் வாங்காதீர்கள்

அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு சந்நிதியில் பொய்ச்சத்தியம் செய்ய மதுரைப் பக்கம் யாருக்கும் துணிச்சல் வராது. அந்த நம்பிக்கையில்தான், கையைக் கீறிக்கொள்ளும் மகளையும் அங்கே கூட்டிப்போய், சூடம் அடித்து "இனிமே செய்ய மாட்டேன்" என்று சொல்ல வைக்கிறார்கள். பிறகு என்ன ஆகிறது? கீறுவது நிற்பதில்லை, வீட்டில் சொல்வதுதான் நின்றுபோகிறது. சத்தியம் தவறிய பயத்தில் காயத்தை மறைக்கிறாள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்ற மாட்டாள். புண் சீழ் வைத்த பிறகுதான் அம்மாவுக்கே தெரியவருகிறது.

விக்கா என்ற மேற்கத்திய மாந்திரீக, இயற்கை வழிபாட்டு மதத்தைச் செல்போனில் படித்து அதன் வழியில் நடக்கும் காலேஜ் பிள்ளைகளிடமும் இதே தவறு நடக்கிறது. "யாருக்கும் தீங்கில்லை என்றால், விரும்பியதைச் செய்" என்பது விக்காவின் அடிப்படை வாக்கு. விக்கா பூசாரிணி டோரீன் வேலியன்ட் 1964-இல் இங்கிலாந்தில் ஒரு பேச்சில் அதை எட்டே வார்த்தைகளில் சொன்னார். "யாருக்கும் என்பதில் நீயும் அடக்கம், நீ நெறியை மீறிட்ட" என்று தோழிகளே சொன்னால், ஏற்கெனவே கூனிக் குறுகி நிற்பவள் இன்னும் ஒடுங்கிப்போவாள். அந்த வாக்குக்கு 'ரீட்' என்று பெயர். பழைய ஆங்கிலத்தில் ஆலோசனை என்று பொருள். அதை வைத்து யாருக்கும் தீர்ப்பு எழுத முடியாது. உதவ வருகிறவர் தன் கையையும் வாயையும் அளந்துகொள்ளத்தான் அது உதவும்.

"செய்தது மும்மடங்காகத் திரும்பும்" என்பதை விக்காவிலேயே எல்லாரும் ஏற்பதில்லை. கீறிக்கொள்கிறவள் சின்ன வயதில் சீரழிக்கப்பட்டவளாகவும் இருந்தால், அவள் காதில் அது "உனக்கு நடந்ததுக்கு நீதான் காரணம்" என்றுதான் விழும். நம் ஊர் "போன ஜென்மத்துப் பாவம்" என்ற பேச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. இரண்டையும் வாயிலேயே எடுக்காதீர்கள்.

அடுத்தது சம்மதம். அவள் உடம்பில் அவளைக் கேட்காமல் நடந்ததுதான் அந்தப் பழைய காயமே. அதனால் மந்திரித்த கயிறோ, திருநீறோ, மெழுகுவர்த்திச் சடங்கோ, நல்லதுக்கே ஆனாலும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். "உனக்காக ஒரு விளக்கு ஏத்தட்டுமாத்தா?" வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், முகத்தைத் தூக்கி வைக்காதீர்கள். சாம்பிராணி வாசமும் மல்லிகை வாசமும்கூடச் சிலருக்கு அந்தப் பழைய நாளைக் கூட்டிவந்துவிடும். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

விக்கா சடங்கில் அத்தாமே என்று ஒரு கத்தி உண்டு, பெரும்பாலும் கறுப்புப் பிடி போட்டது. எதையும் வெட்டுவதற்கல்ல, வட்டம் வரையத்தான். வட்டத்தை விரலாலும் வரையலாம், வேப்பங்கொத்தாலும் வரையலாம். இவள் இருக்கும் அறையில் கத்தி வேண்டாம். விரதமும் இரவு முழிப்பும் வேண்டாம். பசியும் தூக்கக்கேடும் கீறிக்கொள்ளும் உந்துதலைக் கூட்டத்தான் செய்யும்.

இப்போது கீறிய கையோடு எதிரே நிற்கிறாள் என்று வையுங்கள். முதலில் காயத்தைப் பாருங்கள், ஏன் என்று பிறகு கேட்கலாம். சுத்தமான துணியை வைத்து, கையைச் சற்று உயர்த்தி, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். நின்றபின் குழாய்த் தண்ணீரில் கழுவி, உலர்ந்த காஸ் துணி வைத்துக் கட்டுங்கள். காப்பித்தூளும் மஞ்சளும் அப்பிவிட வேண்டாம், இரண்டுமே அழுக்கை உள்ளே வைத்து மூடிவிடும். பத்து நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை, காயத்தின் வாய் பிளந்திருக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் 108. டிடி ஊசி எப்போது போட்டது என்று கேளுங்கள். மாத்திரையோ பூச்சிமருந்தோ குடித்திருந்தால், பார்க்க நன்றாக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். உப்புத்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், டப்பாவைக் கையோடு கொண்டுபோங்கள்.

கட்டுப் போட்ட பிறகு கேட்க வேண்டிய கேள்வியை நேராகவே கேளுங்கள்: "செத்துப்போகணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. கீறிக்கொள்ளும் பலர் சாக நினைப்பதில்லை. தாங்க முடியாத ஒன்றை அந்த நேரத்துக்குத் தணிக்கப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த எண்ணம் பின்னால் வரும் அபாயம் உண்டு, ஒரு தடவை கேட்டோம் என்று விட்டுவிடக் கூடாது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் விவசாய வீடுகளில் பூச்சிமருந்தை வீட்டைவிட்டே அகற்றுங்கள். மாத்திரைப் பெட்டியைப் பூட்டுங்கள்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போகாமல் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் எடுத்துக்கொள்கிறது. தற்கொலை முயற்சிக்குத் தண்டனை சொன்ன, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் கிடையாது. கோயிலிலோ தர்காவிலோ கட்டிப்போடலாம் என்று யாராவது சொன்னால் ஏர்வாடியை நினைவுபடுத்துங்கள்: 2001 ஆகஸ்ட் 6, சங்கிலியில் கிடந்தவர்கள் தீயில் தப்ப வழியின்றி இறந்தார்கள். அதே 2017 சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது.

பதினெட்டு வயது ஆகாதவளிடம் "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் தகவல் சொல்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். அவள் வாய் திறக்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் உங்களையும் துரோகிகள் வரிசையில் வைத்துவிடுவாள்.

சத்தியத்துக்குப் பதிலாக ஒரு அட்டை எழுதுங்கள், அவள் கையெழுத்தில். உந்துதல் வரும் முன் தெரியும் அறிகுறி இரண்டு, தனியாகச் செய்யக்கூடியது மூன்று (முகம் கழுவுவது, மொட்டைமாடியில் நடப்பது என்று அவளுக்கு ஒத்துவருவது), கூப்பிடக்கூடிய ஆள் மூன்று பேர், கடைசியில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. அந்த எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். அட்டை செல்போன் உறைக்குள் இருக்கட்டும். மறுபடி கீறிவிட்டு வந்தால், அட்டையில் எந்த வரி உதவவில்லை என்று அவளையே கேட்டு, அந்த வரியை அடித்துவிட்டு வேறொன்றை எழுதுங்கள்.