வண்டி ஓட்டுபவரைக் கைப்பேசியில் அழைப்பது: அழைப்பவருக்கும் பொறுப்பு உண்டா?

கேள்வி: வழித்தடம்

அனைவருக்கும் வணக்கம். வீடுகளுக்குப் பொருள்களைக் கொண்டுசேர்க்கும் ஒரு நிறுவனத்தில், ஓட்டுநர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். முகவரி மாறினாலும், வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும், உடனே ஓட்டுநரைக் கைப்பேசியில் அழைப்பதுதான் எங்கள் வழக்கம். எல்லோருக்கும் புளூடூத் இயர்போன் கொடுத்திருப்பதால் சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை என்கிறார் மேலாளர். ஆனால், நான் பேசிக்கொண்டிருக்கும்போது மறுமுனையில் நீண்ட ஹாரன் ஒலி கேட்பதும், ஓட்டுநர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சில விநாடிகள் கழித்து "என்ன சொன்னீங்க சார்?" என்று கேட்பதும் எனக்கு உறுத்தலாகவே இருக்கின்றன. கையில் பிடிக்காமல் பேசினால் போதும் என்பது சரிதானா? ஓட்டுகிறார் என்று தெரிந்தே அழைப்பவருக்குச் சட்டத்திலோ பண்பாட்டிலோ ஏதேனும் பொறுப்பு உண்டா? விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: சட்டப்பிரிவு

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆயினும் பெரும்பாலான நாடுகளில் கைப்பேசியைக் கையில் பிடித்துப் பேசுவதுதான் முதலில் தடைசெய்யப்பட்டது. சாலைப் போக்குவரத்து குறித்த 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு விதி, ஓட்டுவதைத் தவிர மற்ற செயல்களை ஓட்டுநர் இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும் என்றும், ஓடும் வண்டியில் கையில் பிடித்த கைப்பேசியைப் பயன்படுத்துவதை நாடுகள் தங்கள் சட்டத்தால் தடுக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவும், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் சேர்த்துச் சொல்கிறது.

பிரிட்டனில் 2003 டிசம்பரில் வந்த தடை, பேசுவதையும் செய்தி அனுப்புவதையுமே மனத்தில் கொண்டிருந்தது. படம் எடுத்தவர்களும் பாட்டு மாற்றியவர்களும் அந்த இடைவெளியில் தப்பித்ததால், 2022 மார்ச் 25 முதல் கையில் எடுத்து வேறு எதற்குப் பயன்படுத்தினாலும் குற்றம் என்று மாற்றினார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் இந்தத் தடை பொருந்தும். நிறுத்துவது பாதுகாப்பற்றதாக இருக்கும் நிலையில், அவசர உதவி எண்ணை அழைப்பதற்கு விலக்கு உண்டு.

உங்கள் மேலாளர் கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. அதே பிரிட்டனில், பிறர் கைப்பேசியைக் கையில் பிடித்தபடி ஓட்டுவதற்குக் காரணமாக இருப்பதும், அதற்கு அனுமதிப்பதும் தனிக் குற்றம். கையில் பிடிக்காமல் பேசினாலும், வண்டி கட்டுப்பாட்டில் இல்லை என்று காவலர் கண்டால் வழக்குப் போடலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. பெறுபவர் ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்பதும், ஓட்டியபடியே படிப்பார் என்பதும் தெரிந்து செய்தி அனுப்புகிறவருக்கும் விபத்தில் இழப்பீட்டுப் பொறுப்பு வரக்கூடும் என்றது. அந்த வழக்கில் செய்தி அனுப்பியவர் பொறுப்பாக்கப்படவில்லை என்றாலும், கொள்கை வகுக்கப்பட்டுவிட்டது.

மறுமொழி: கவனம்

சட்டம் அனுமதிப்பதாலேயே ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது. ஓட்டும்போது கைப்பேசியைப் பயன்படுத்துகிறவருக்கு விபத்து நேரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. கையில் பிடிக்காத கருவிகள் பெரிய அளவில் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. காரணம், சிக்கல் கையில் இல்லை, மனத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் ஓட்டுதல் பயிற்சிக் கருவியில் செய்த ஆய்வுகளில், பேசிக்கொண்டே ஓட்டியவர்கள் தங்கள் கண்ணுக்கு நேரே இருந்தவற்றைக்கூடப் பின்னர் நினைவில் கொண்டுவர இயலாமல் தடுமாறினார்கள். பார்வை பட்டது, மனம் பதிவு செய்யவில்லை.

பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் அப்படித்தானே என்று கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் அதே சாலை தெரிகிறது. முன்னால் லாரி குறுக்கே வந்தால் அவரே பேச்சை நிறுத்திக்கொள்வார். தொலைவில் இருந்து பேசும் உங்களுக்கு அந்த லாரி தெரியாது. உங்கள் ஓட்டுநர் நிறுத்திய அந்தச் சில விநாடிகளில்தான் அவர் சாலைக்குத் திரும்பியிருக்கிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து விநாடிகளுக்கு வண்டி 110 மீட்டருக்கும் மேல் போய்விடும் என்பதை எண்ணிப் பாருங்கள். பேச்சு முடிந்த கணத்திலேயே கவனம் முழுவதும் மீண்டுவிடுவதும் இல்லை.

மறுமொழி: பதினாறு சக்கரம்

நான் கனரக வண்டி ஓட்டுகிறேன். மேலே சொன்னவை எல்லாம் உண்மை. ஆனால், ஓட்டுநர் அழைப்பை எடுப்பது பேச ஆசைப்பட்டு அல்ல. எடுக்காவிட்டால் அலுவலகம் என்ன நினைக்குமோ என்ற அச்சத்தால்தான். அழைப்பை எடுக்காத ஓட்டுநரைக் கேள்வி கேட்கும் வழக்கம் இருக்கும்வரை, எத்தனை இயர்போன் கொடுத்தாலும் பயனில்லை. மூன்று முறை தொடர்ந்து மணி அடித்தால், வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் மனம் பதறும், எடுத்துப் பார்த்தால், "எங்கே வந்துட்டிருக்கீங்க?" என்பார்கள். வண்டி இருக்கும் இடம் திரையில் தெரிகிறபோது அந்தக் கேள்விக்கே அவசியம் இல்லை, ஐயா.

மறுமொழி: வழித்தடம்

மூவருக்கும் மிக்க நன்றி. எடுக்காததற்குக் கேள்வி கேட்பது எங்களிடமும் உண்டு. அதை நிறுத்தும்படி மேலாளரிடம் எழுத்தில் கேட்கப் போகிறேன். நடுவழியில் முகவரி மாறினால் மட்டும் என்ன செய்வது?

மறுமொழி: பதினாறு சக்கரம்

அடுத்த நிறுத்தத்தில் பார்க்கும்படி செய்தியாக அனுப்புங்கள். அதுவும், ஓட்டியபடி படிக்கமாட்டோம் என்று இரு தரப்பும் உறுதியாக ஒத்துக்கொண்ட பிறகே. கைப்பேசியில் ஓட்டும் நேரத்துக்கான அமைப்பை இயக்கி வைத்தால், மணி அடிக்காது; "ஓட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று பதிலையும் அதுவே அனுப்பிவிடும். பொருளை இறக்கும் ஒவ்வொரு இடத்திலும் வண்டியை நிறுத்தித்தானே ஆக வேண்டும், அங்கே நாங்களே பார்த்துக்கொள்கிறோம். அதுவரை காத்திருக்க முடியாத செய்தி என்றால் ஒரு முறை மட்டும் அழையுங்கள். ஓட்டுநர் எடுத்துவிட்டால், விஷயத்தைச் சொல்லத் தொடங்காமல், "ஓரமா நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நீங்களே இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.